தொடாமல் உணரும் அச்சு சென்சார்: வேலூர் வெயிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லிஃப்ட் பொத்தானையோ மருத்துவமனைக் கதவையோ விரல் படாமல் இயக்குவதற்காக, பிளாஸ்டிக் தாளில் கரிமப் பாலிமர் மைகளை அச்சிட்டு சென்சார் செய்யும் முறை பரவிவருகிறது. காட்பாடிப் பக்கத்து மாணவர் ஒருவர் இதை இறுதியாண்டுத் திட்டமாக எடுத்தால், முதலில் விடக்கூடிய தவறு குளிரூட்டிய ஆய்வகத்தில் மட்டுமே சோதித்துப் பார்த்துத் திருப்தியடைவதுதான்.

இவ்வகை சென்சார்களில் பெரிதும் பயன்படும் பி.வி.டி.எஃப்-டி.ஆர்.எஃப்.இ. என்னும் பாலிமர், வெப்பநிலை மாறும்போது மின்னூட்டத்தை வெளிப்படுத்தும். அறை 24 டிகிரியிலும் உள்ளங்கை ஏறத்தாழ 33 டிகிரியிலும் இருக்கையில், கை நெருங்கியதும் தெளிவான துடிப்பு கிடைக்கும். அக்கினி நட்சத்திரத்து மதியத்தில் வேலூரின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுகிறது. அப்போது சுற்றுப்புறத்தைவிடக் கையே குளிர்ந்த பொருளாகிவிடுவதால் துடிப்பு எதிர்த்திசையில் வரும். காலையில் இரண்டும் சமமாகும் வேளையிலோ ஏறக்குறைய எதுவுமே வராது. நேர்த்துடிப்பை மட்டும் ஏற்கும்படி நிரல் எழுதியவர், சென்சார் பழுதாகிவிட்டதென்று அதைக் கழற்றி எறிவார். இரு திசைத் துடிப்புகளையும் ஏற்கும் நிரலும், சமவெப்ப வேளைக்குக் கைகொடுக்க கை நெருங்கும்போது நேரும் மின்தேக்குத்திறன் (மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் திறன்) மாற்றத்தை அளக்கும் இன்னொரு மின்முனையும் வேண்டும். அசையாமல் நீட்டிய கைக்குச் சமிக்ஞை தேய்ந்து மறையும் என்பதால், அழுத்திப் பிடிப்பதுபோன்ற செயலை இந்தப் பாலிமரிடம் எதிர்பார்ப்பதும் வீண். அதே பாலிமர் அதிர்வையும் மின்னூட்டமாக்கும்; கதவு அறைந்து சாத்தப்பட்டாலும் ‘கை வந்தது’ என்றே அது சொல்லும்.

அடுத்தது செய்முறை வரிசை. இந்தப் பாலிமர் படலத்தை 130 முதல் 140 டிகிரி வரை சூடாக்கிப் படிகமாக்கிய பிறகே, மைக்ரானுக்கு 50 வோல்ட்டுக்கும் மேலான மின்புலம் செலுத்தித் துருவப்படுத்த, அதாவது மூலக்கூறுகளின் மின்திசையை ஒரே பக்கமாகத் திருப்ப வேண்டும். 5 மைக்ரான் படலத்துக்கே 250 வோல்ட்டைத் தாண்டுமாதலால், பயிற்சி பெற்றவர் உடனில்லாமல் இதில் கைவைக்கக் கூடாது. துருவப்படுத்தி முடித்தபின், மின்கோடுகளுக்கான வெள்ளி மையைக் காயவைக்கிறேன் என்று மறுபடி 120 டிகிரி அடுப்பில் வைத்தால், 70:30 விகிதக் கலவையில் துருவப்பாடு அழிந்துபோகும். அடித்தாளாகும் பெட் (PET) பிளாஸ்டிக் ஃபிலிமும் சூட்டில் சுருங்கும். முதல் மை படுவதற்கு முன்பே அதை ஒருமுறை சூடாக்கி எடுக்காவிட்டால், அடுத்தடுத்த அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது.

மின்முனைக்கு உதவும், மின்சாரம் கடத்தும் பாலிமரான பெடாட்-பி.எஸ்.எஸ். மை ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. கோடையில் நிர்ணயித்த அளவீடு, வடகிழக்குப் பருவமழை நாள்களில் நிலைக்குமென்று நம்பக்கூடாது. மேலே ஒட்டிய சாதாரண பிளாஸ்டிக் தாள் நீராவியை முழுமையாகத் தடுக்காது. ஓரங்களில் பசை விட்டுப்போனால் அந்தத் தடுப்பும் இல்லை. ஈரமும் மின்னழுத்தமும் சேர்ந்தால் நெருக்கமான வெள்ளிக் கோடுகளுக்கிடையே வெள்ளி படர்ந்து குறுக்குச்சுற்று ஏற்படும் என்பதும் இதோடு சேர்ந்ததே.

செலவைக் குறைக்க, பை அச்சிடும் ஸ்கிரீன் பிரிண்டிங் கடையை நாடுவது நல்ல யோசனைதான். ஆனால் பெடாட் மை பெரும்பாலும் நீர் கலந்தது. நீரில் கரையும் பூச்சு பூசிய ஸ்கிரீனில் அதை இழுத்தால் வடிவத்தின் விளிம்புகள் கரைந்துவிடும். நீரைத் தாங்கும் பூச்சையே பூசித் தருமாறு கடைக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.