போனில் பணம் கட்டுவதா, கார்டு போதுமா? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

எங்கள் பெரியம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. வேலூர் சத்துவாச்சாரியில் தனியாக இருக்கிறார். சென்ற மாதம் என்னைக் கூப்பிட்டு, "நேதாஜி மார்க்கெட்டுல எல்லாரும் போனைக் காட்டிட்டுப் போயிடறாங்க. நான் மட்டும் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டிட்டுச் சில்லறைக்கு நிக்கிறேன். எனக்கும் போட்டுக் குடு. ஆனா பென்ஷன் பணத்துல ஒரு பைசா போகக்கூடாது" என்றார். இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கீரை, பால், ஆட்டோ, டீ போன்ற அன்றாடச் செலவுக்குப் போன்தான் நல்லது. பெரிய தொகைக்கும், முன்பின் தெரியாத ஆன்லைன் கடைக்கும், அவசரத்துக்கும் கார்டு வேண்டும். இரண்டில் ஒன்றைத் தூக்கிப் போடச் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

படி 1: எந்தக் கணக்கை இணைப்பது?

ஆப்பைத் தேடும் முன் இதை முடிவு செய்யுங்கள். பென்ஷனோ சம்பளமோ விழும் கணக்கைப் போனோடு இணைக்க வேண்டாம். இன்னொரு சேமிப்புக் கணக்கு இருந்தால் அதை இணைத்து, வாரத்துக்கு ஒருமுறை செலவுக்கு வேண்டியதை மட்டும் அதில் போட்டுக்கொள்ளுங்கள். புதிதாகத் திறப்பதானால் மினிமம் பேலன்ஸ் கேட்காத கணக்கா என்று விசாரித்துத் திறங்கள். பெரியம்மாவிடம் பல வருடமாகச் சும்மா கிடந்த கணக்கு ஒன்று இருந்தது. வங்கிக்குப் போய் அதை உயிர்ப்பித்தோம். இப்போது வாரம் 2,000 ரூபாய் அதற்குப் போகிறது. நாளை ஏதாவது தப்பு நடந்தாலும் அவ்வளவோடு நிற்கும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஏடிஎம் கார்டைத் தேய்த்தாலும் போனில் ஸ்கேன் செய்தாலும் காசு போவது ஒரே கணக்கிலிருந்துதான். வாசல்தான் வேறு. கிரெடிட் கார்டு மட்டும் தனி ரகம். அதில் முதலில் போவது வங்கியின் பணம், பில் வந்த பிறகுதான் நாம் கட்டுகிறோம். அதனால் ஏதாவது தகராறு வந்தால் நம் பணம் கையில் இருக்கும்போதே புகார் கொடுக்கலாம். கெடு தவறினால் வட்டி கடுமையாக ஏறும் என்பதையும் மறக்கக் கூடாது.

படி 2: ஆப்பைப் போடுவது

கூகுள் பே, போன்பே, பேடிஎம், பீம் என்று பல இருக்கின்றன. எதுவானாலும் பின்னால் ஓடுவது, ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் போன் வழியாக உடனே பணம் அனுப்ப 2016-ல் வந்த அதே யுபிஐ ஏற்பாடுதான். அதனால் வீட்டில் மற்றவர்கள் எதை வைத்திருக்கிறார்களோ அதையே போடுங்கள், சந்தேகம் வந்தால் பக்கத்திலேயே கேட்டுக்கொள்ளலாம்.

வங்கியில் கொடுத்த நம்பரின் சிம் அதே போனில் இருக்க வேண்டும். சரிபார்க்க அந்த நம்பரிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் தானாகப் போகும். ரீசார்ஜ் முடிந்துபோயிருந்தால் அது போகாது. பெரியம்மாவுக்கு முக்கால் மணி நேரம் சுற்றிக்கொண்டே இருந்தது இதனால்தான்.

அடுத்து, ஏடிஎம் கார்டின் கடைசி ஆறு எண்களும் அது காலாவதியாகும் மாதமும் வருடமும் கேட்கும். ஆதார் வழியாகவும் செய்யலாம். போனுக்கு ஓடிபி, அதாவது ஒரே ஒரு தடவை மட்டும் செல்லும் எண், எஸ்எம்எஸ்ஸில் வரும். பிறகு 4 அல்லது 6 எண்ணில் யுபிஐ பின் என்ற ரகசிய எண்ணை வைக்க வேண்டும். பிறந்த வருடம் வேண்டாம். ஏடிஎம் பின்னையே இதற்கும் வைக்க வேண்டாம்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் 24 மணி நேரம் 5,000 ரூபாய்தான் வரம்பு. ஐபோனில் அந்தக் காத்திருப்பு இன்னும் நீளும். எனவே ஜவுளி எடுக்க ஆரணிக்குப் புறப்படும் காலையில் இதைத் தொடங்காதீர்கள்.

படி 3: முதல் செலவு

முதலில் வீட்டில் ஒருவருக்கு ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். அப்புறம் கடைக்குப் போங்கள்.

நாங்கள் போனது கீரைக்கார அம்மாவிடம். தராசுக்குப் பக்கத்தில் க்யூஆர் அட்டை, மேலே பிளாஸ்டிக் உறை, உறை முழுக்கத் தண்ணீர்த் துளி. வெயிலில் கண் வேறு கூசியது, ஸ்கேன் ஆகவில்லை. முந்தானையால் உறையைத் துடைத்து, அட்டையை நிழல் பக்கம் திருப்பினார். உடனே ஆகிவிட்டது. திரையில் அவர் பெயர் வந்தது. இங்கே நிறுத்துங்கள். பெயரைக் கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கடைப் பெயருக்குப் பதில் மகன் பெயரோ கணவர் பெயரோ வரலாம், அது சகஜம். யார் என்றே அவருக்குத் தெரியாத பெயர் வந்தால் பணம் அனுப்பாதீர்கள். அட்டையின் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டி ஏமாற்றுகிற வேலையும் நடக்கிறது.

தொகையைப் போட்டு, போனை மார்போடு அணைத்துப் பின் எண்ணைத் தட்டினார் பெரியம்மா. பச்சை டிக் வந்தது. கீரைக்கார அம்மா, "சத்தம் வரலியே கண்ணு" என்றார். இரண்டு நொடி கழித்து அவருடைய ஸ்பீக்கர் பெட்டி "இருபது ரூபாய்" என்று அறிவித்தது. அந்தச் சத்தம் வரும்வரை நகராமல் நிற்பது மரியாதை.

இங்கே ஏன் கார்டு உதவாது என்றால், அவரிடம் ஸ்வைப் மெஷின் கிடையாது. யுபிஐக்கும், ரூபே என்ற இந்திய வகை டெபிட் (ஏடிஎம்) கார்டுக்கும் 2020 ஜனவரியிலிருந்து கடைக்காரரிடம் கமிஷன் பிடிப்பதில்லை. ஆனால் கார்டு வாங்க மெஷின் வேண்டும். க்யூஆருக்கு ஓர் அட்டை போதும்.

படி 4: யுபிஐ லைட்

இதைப் பலர் கண்டுகொள்வதில்லை. ஆப்பிலேயே இருக்கிறது. சிறு பர்ஸ் மாதிரி, 5,000 ரூபாய் வரை போட்டு வைக்கலாம், ஒரு தடவைக்கு 1,000 வரை பின் இல்லாமலே கட்டலாம். கூட்டத்தில் பின் தட்ட வேண்டியதில்லை, பாஸ்புக்கிலும் பத்து ரூபாய் டீ எல்லாம் வரிவரியாக ஏறாது. பெரியம்மாவுக்கு இதில் 500 போட்டுக் கொடுத்தேன். பின் கேட்காது என்பதால் அதிகம் போட வேண்டாம்.

படி 5: கார்டைத் தயார் செய்வது

கார்டு பையில் இருந்தால் மட்டும் போதாது. 2020-க்குப் பிறகு வந்த கார்டுகள் ஏடிஎம்மிலும் கடை மெஷினிலும் மட்டும் வேலை செய்யும்படிதான் கைக்கு வரும். ஆன்லைன், வெளிநாடு, தொட்டாலே பணம் போகும் வசதி ஆகியவற்றை நாமே வங்கி ஆப்பில் திறக்க வேண்டும், வேண்டாதபோது மூடலாம். தொட்டுக் கட்டுவதில் 5,000 ரூபாய் வரை பின் கேட்காது. பெரியம்மாவுக்கு அதை மூடியே வைத்தேன். தினசரி வரம்பையும் 20,000 ஆக்கினேன். வருடத்துக்கு ஒருமுறையாவது அந்தக் கார்டை ஏடிஎம்மில் போட்டுப் பாருங்கள், பின் மறந்துபோயிருக்கும்.

படி 6: பணம் மாட்டிக்கொண்டால்

இரண்டு வருடம் முன்பு அப்பாவை மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். இரவு ஒன்பது மணி, மருந்துக்கடை கவுன்ட்டரில் 3,400 ரூபாய் பில். போனில் கட்டினேன். என் கணக்கில் பணம் கழிந்துவிட்டது, கடைக்கு வரவில்லை. எனக்குப் பின்னால் பதினைந்து பேர். போனில் சார்ஜ் ஆறு சதவீதம்தான் மிச்சம். கவுன்ட்டரில் இருந்த தம்பி, "சார், வந்தாத்தான் மருந்து குடுக்க முடியும்" என்றான். அவன் மேல் தப்பு இல்லை. மேல் சட்டைப்பையில் கார்டு இருந்தது. தேய்த்தேன், சீட்டு வந்தது, மருந்தை வாங்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். அன்றிலிருந்து மருத்துவமனைக்குக் கார்டு இல்லாமல் போவதில்லை. வேலூருக்கு வெளியூரிலிருந்து சிகிச்சைக்கு வருகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். மருத்துவமனைக்கு யுபிஐயில் 5 லட்சம் வரை அனுமதி உண்டு, ஆனால் உங்கள் வங்கி வரம்பைக் குறைத்து வைத்திருக்கலாம். கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படி மாட்டினால் பதறி மறுபடி ஸ்கேன் செய்யாதீர்கள். வங்கியிலிருந்து எஸ்எம்எஸ் வந்ததா என்று பாருங்கள். ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் 12 இலக்க எண் ஒன்று இருக்கும், அதைப் படம் பிடித்து வையுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, கடைக்குப் போய்ச் சேராத பணம் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் போனால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு வங்கி தர வேண்டும். எனக்கு மூன்றாம் நாள் வந்துவிட்டது.

தப்பான ஆளுக்கு நாமே பின் போட்டு அனுப்பியது வேறு கதை. அவர் சம்மதிக்காமல் அதைத் திரும்ப வாங்குவது கஷ்டம். அதனால்தான் படி 3-ல் பெயரைக் கேட்கச் சொன்னேன்.

படி 7: திருட்டும் ஏமாற்றும்

நமக்குப் பணம் வர யுபிஐ பின் எண் தேவையே இல்லை. "உங்களுக்குப் பணம் வருது, பின் போடுங்க", "இதை ஸ்கேன் பண்ணினா வரும்" என்று யார் சொன்னாலும் போனை வையுங்கள். பின் போட்டால் நம் பணம் போகும். அவ்வளவுதான்.

போன் தொலைந்தால் வேறு போனிலிருந்து முதலில் சிம்மை நிறுத்துங்கள், பிறகு வங்கியைக் கூப்பிடுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்குச் சொல்லுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இந்த நம்பர்கள் போனுக்குள் மட்டும் இருந்தால் தொலைந்த அன்று பயன்படாது. காலண்டர் ஓரத்தில் எழுதுங்கள்.

இன்னொன்று. ஏடிஎம் கார்டைப் போன் உறைக்குப் பின்னால் செருகி வைக்கிற பழக்கம் நம் ஊரில் நிறையப் பேருக்கு உண்டு. படி 2-ஐ நினைத்துப் பாருங்கள். பின் வைக்க என்ன கேட்டது? கார்டின் ஆறு எண், காலாவதித் தேதி, போனுக்கு வரும் ஓடிபி. சில வங்கிகள் கூடவே ஏடிஎம் பின்னும் கேட்கும், எல்லாம் கேட்பதில்லை. போனும் கார்டும் சேர்ந்து ஒருவன் கைக்குப் போய், ஸ்கிரீன் லாக்கும் இல்லையென்றால் அவனே புதுப் பின் வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. போன் கெட்டால் கார்டு உதவ வேண்டும், கார்டு கெட்டால் போன். இரண்டையும் ஒரே உறையில் வைத்தால் இரண்டும் ஒன்றாகப் போகும்.

இதைச் சொன்னதும் பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. போனைத் திருப்பி, நகத்தால் உறையை நெம்பி, உள்ளே இருந்த கார்டை எடுத்தார். இப்போது அது அவர் இடுப்புச் சுருக்குப்பையில் இருக்கிறது.