எரர் வரவில்லையா, அப்போதுதான் பயப்பட வேண்டும்: பைதான் பழகுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலன் விட்டுப்போவது, அடைப்புக்குறியை மூட மறப்பது, ஸ்பேஸ் தள்ளிப்போவது, இதையெல்லாம் பெரும்பாலும் பைதான் மொழியே வரி எண்ணோடு காட்டிவிடும், நான் எழுதத் தேவையில்லை. மதுரையில் என்னிடம் பழக வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸும் பிளஸ் டூவில் பைதானும் பாடமாகப் படித்தவர்கள். வருடா வருடம் ஆள் மாறுகிறார்கள், தவறு மாறுவதில்லை, எங்கள் செட்டில் நடந்ததுதான் இப்போதும் நடக்கிறது. அதில் சத்தமில்லாமல் கவிழ்ப்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

பழைய மொழியின் கைப்பழக்கம்

சி பிளஸ் பிளஸ் ஞாபகத்தில் ஐ (i) என்ற மாறிக்குப் பின்னால் இரண்டு பிளஸ் போட்டு வரியை முடித்தால் சின்டாக்ஸ் எரர் வரும், நல்லது. அதே இரண்டு பிளஸை ஐ-க்கு முன்னால் போட்டுப் பாருங்கள். எரரும் வராது, மதிப்பும் ஏறாது. பைதானுக்கு அது கூட்டல் குறி இரண்டு தடவை ஒட்டிய எண், அவ்வளவுதான். வைல் லூப் அதை நம்பியிருந்தால் விடிய விடிய ஓடும். வகுத்தலிலும் கவனம்: மைனஸ் 7-ஐ 2-ஆல் முழுஎண்ணாக வகுத்தால் அங்கே மைனஸ் 3, இங்கே மைனஸ் 4.

ஃபைலுக்கு ரேண்டம் என்று பெயர் வைப்பது

வைக்காதீர்கள். இம்போர்ட் ரேண்டம் என்று எழுதினால் பைதான் தன்னுடைய ரேண்டமை விட்டுவிட்டு உங்கள் ஃபைலைத்தான் எடுக்கும்.

எக்ஸெப்ட் போட்டு பாஸ் பண்ணுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதற்குத்தான். டிரை (முயன்று பார்), கீழே வெறும் எக்ஸெப்ட் (எந்த எரர் வந்தாலும் பிடி), அதற்குள் பாஸ் (ஒன்றும் செய்யாதே). சிவப்பு எழுத்து மறைந்துவிட்டது, வேலை முடிந்தது என்று நினைப்பு. இப்போது ஏஐயிடம் போய் "எரர் வராமல் பண்ணிக்கொடு" என்று கேட்கிற பழக்கம் வேறு. கேட்டதென்னவோ அதுதானே, சில நேரம் அதுவும் அப்படியே செய்து கொடுத்துவிடுகிறது.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருப்பவரின் மகன் ஒருவன், கெட்டிக்காரன். அப்பா எக்செலில் குறித்து வைத்திருந்த மல்லிகை விலையை சிஎஸ்வி (கமாவால் பிரித்த எழுத்து ஃபைல்) ஆக்கி, மாதவாரி சராசரி எடுக்கப் புரோகிராம் எழுதினான். கோடை மாதங்களுக்கெல்லாம் கணக்கு பொருந்தியது. கார்த்திகைக்கு வந்த தொகையைப் பார்த்துவிட்டு அவன் அப்பா, "ஏன்டா, முகூர்த்தத்துக்குக் கிலோ ஆயிரத்துக்கு மேல போச்சு, இது என்ன சித்திரை விலையக் காட்டுது?" என்று கேட்டிருக்கிறார். என்னிடம் வந்தவன் சொன்ன முதல் வார்த்தை, "அண்ணே, புரோகிராம்ல எரரே இல்லண்ணே."

இருக்காதுதான். விலை ஆயிரத்துக்குக் கீழே இருந்த வரிகளில் '650' என்று இருந்தது. தாண்டியவற்றில் '1,800' மாதிரி, நடுவில் கமா. கமா இருப்பதை, எழுத்தை எண்ணாக்கும் ஃப்ளோட் மாற்றாது, வேல்யூ எரர் எழுப்பும். அது எக்ஸெப்டுக்குள் போய் பாஸில் அடங்கிவிட்டது, அந்த வரியும் கணக்கிலிருந்து விழுந்துவிட்டது. அதாவது விலை ஏறிய நாட்கள், ஒரு பூக்கடைக்காரருக்கு எந்த நாட்கள் முக்கியமோ சரியாக அதே நாட்கள் மட்டும், பொறுக்கி எடுத்த மாதிரி காணாமல் போயிருக்கின்றன. பாஸ் இல்லாமல் விட்டிருந்தால் '1,800'-ஐ மாற்ற முடியவில்லை என்று அதையே எழுதிக்காட்டி முதல் தடவையே நின்றிருக்கும். ரீப்ளேஸ் போட்டுக் கமாவை எடுத்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். வாரக்கணக்கில் தப்புக் கணக்கை வைத்துக்கொண்டிருந்தான்.

வெறும் எக்ஸெப்டில் இன்னொரு தொல்லையும் உண்டு, அது கண்ட்ரோல்-சி-யையும் சேர்த்து விழுங்கும், ஓடுகிற லூப்பை நிறுத்த விண்டோவையே மூட வேண்டியிருக்கும். ஆகவே எந்த எரர் வரும் என்று தெரிந்து பெயர் சொல்லிப் பிடியுங்கள். டிரைக்குள் சந்தேகமான அந்த ஒரு வரி மட்டும் இருக்கட்டும், முழுப் புரோகிராமையும் உள்ளே தள்ள வேண்டாம். பிடித்த இடத்தில் எத்தனையாவது வரி, அதில் என்ன இருந்தது என்று பிரிண்ட் பண்ணுங்கள். அப்புறம், ஃபைலில் இருந்த வரிகள் எத்தனை, கணக்கில் சேர்ந்தவை எத்தனை, இரண்டையும் கடைசியில் அடுத்தடுத்துக் காட்டுங்கள். அந்தப் பையனுக்கு இந்த இரண்டு எண் இருந்திருந்தால் அப்பாவிடம் திட்டு வாங்கியிருக்க மாட்டான்.

டிரேஸ்பேக்கை மேலிருந்து படிப்பது

டிரேஸ்பேக் என்பது எரர் வந்தால் பைதான் காட்டும் நீளமான செய்தி. அதைக் கீழிருந்து படியுங்கள். என்ன எரர் என்பது கடைசி வரியில்.

தமிழை ஆங்கிலம் மாதிரி நினைப்பது

நீளம் சொல்லும் லென்னை 'மதுரை'க்குப் போட்டால் 5 வரும். ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என்று யூனிகோட் குறியீடுகளைத்தான் பைதான் எண்ணுகிறது. எழுத்துக் கணக்கில் 3 வேண்டுமென்றால் ஓப்பன்-தமிழ் லைப்ரரியைப் போட்டுக்கொள்ளுங்கள். தமிழ் ஃபைலைத் திறக்கும்போது என்கோடிங் (எழுத்துகளைச் சேமிக்கும் முறை) யுடிஎஃப்-8 என்று நீங்களே எழுதிவிடுங்கள். பெரும்பாலான விண்டோஸ் கணினிகளில் அதை விட்டுவிட்டால், ஃபைலில் 'மல்லி' என்று இருந்தால் யூனிகோட் டிகோட் எரர் வரும், 'மலை' என்று மட்டும் இருந்தால் எரரே இல்லாமல் குப்பை எழுத்தாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.