வண்டி நம்பரை வைக்காதீங்கண்ணா

செவ்வாய்ப்பேட்டையில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கரண்ட் பில், பிஎஃப், ஜிஎஸ்டி என்று வருகிறவர்கள் பாஸ்வேர்டை வாய்விட்டுச் சொல்லித்தான் என்னை அடிக்கச் சொல்வார்கள். போன மாதம் கொலுசுப் பட்டறை அண்ணன் ஒருவர் மெயிலுக்குப் புதுப் பாஸ்வேர்ட் போட வந்தார்.

"எழுதிக்கம்மா. சேலம். எஸ் மட்டும் பெரிசு. அப்புறம் ஒரு அட் (@). அப்புறம்..."

"நாலு நாலு ஒண்ணு ஏழுங்களாண்ணா?"

திகைத்துவிட்டார். அவருடைய வண்டி கடை வாசலில்தான் நின்றது. ஆனால் திரையில் பட்டை பச்சையாகி, 'வலுவானது' என்று காட்டியது. இப்படிப்பட்ட பட்டைகள் பலவும் பார்ப்பது இவ்வளவுதான்: பெரிய எழுத்து உண்டா, எண் உண்டா, குறி உண்டா, நீளம் போதுமா. வண்டி வாசலில் நிற்பது அதற்குத் தெரியாது.

நான் பார்க்கும் முறை வேறு. முதலில் வாலை வெட்டுவேன். கடைசியில் இருக்கும் எண்ணையும் குறியையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன? சேலம், ஏற்காடு, முருகன், மகள் பெயர்... பத்தில் எட்டுப் பேருக்கு இதுதான் மிஞ்சுகிறது. 'ஏ'வுக்குப் பதில் அட் போடுவது, 'ஓ'வுக்குப் பதில் பூஜ்யம் போடுவதெல்லாம் உடைக்கும் மென்பொருள்களுக்குப் பழகிப்போன வித்தை.

அடுத்து, கணக்கு. நான்கு இலக்க வால் என்றால் மொத்தமே 10,000 வகை. ஊர், சாமி, ஆள் பெயர் என்று 1,000 சொல், நடுவில் பத்துக் குறிகளில் ஒன்று என்று வைத்தாலும் 10 கோடிதான். பிறந்த தேதி இன்னும் மோசம். எட்டு இலக்கம் என்பதால் 10 கோடி வகை போலத் தெரியும். ஆனால் 100 வருடத்தில் இருப்பதே சுமார் 36,500 நாள்.

"மூணு தடவை தப்பா போட்டா பூட்டிக்குமேம்மா?" என்றார். பூட்டிக்கொள்ளும், வாசல் வழியாக வந்தால். தளம் பாஸ்வேர்டுகளைக் குறியீடாக மாற்றிச் சேமித்திருக்கும் ஃபைலையே திருடிக்கொண்டு போய், வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக முயன்றால் யார் தடுப்பது? எம்டி5 என்ற பழைய முறையில் சேமித்திருந்தால், இன்றைய உயர்ரக கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்கு 10,000 கோடிக்கு மேல் முயலும். தாறுமாறான எட்டு சின்ன எழுத்துகளே இரண்டு நொடிதான். பிகிரிப்ட் போன்ற மெதுவான முறைகள் இருக்கின்றன. ஆனால் எந்தத் தளம் எதை வைத்திருக்கிறது என்று நமக்குத் தெரியாததால், மோசமானதையே கணக்கில் வைக்கிறேன்.

மூன்றாவது, அது ஏற்கெனவே வெளியே போயிருக்கிறதா? 2009-இல் ராக்யூ என்ற நிறுவனத்திடமிருந்து 3.2 கோடிப் பாஸ்வேர்டுகள் அப்படியே வெளியாகின. உடைப்பவர்கள் இப்படிப்பட்ட பட்டியலைத்தான் முதலில் ஓட்டுவார்கள். பார்ப்பதற்கு, இணையப் பாதுகாப்பு வல்லுநர் டிராய் ஹன்ட் 2013-இல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளம் இருக்கிறது. கண்ட தளத்தில் உண்மையான பாஸ்வேர்டை அடிக்கக் கூடாது என்பேன். இதற்கு மட்டும் விலக்கு. பாஸ்வேர்டை நம் கணினியிலேயே குறியீடாக மாற்றி, அதில் முதல் ஐந்து எழுத்தை மட்டும் அனுப்புகிறது. அங்கிருந்து அந்த ஐந்தில் தொடங்கும், கசிந்த குறியீடுகள் எல்லாம் வரும். நம்முடையது இருக்கிறதா என்று இங்கேயே தேடிக்கொள்ளும். பின்கோடில் முதல் மூன்றை, 636 என்று மட்டும் சொல்லி மொத்தத் தபால் கட்டையும் வாங்கி, நம் கடிதத்தை நாமே பொறுக்குவது மாதிரி.

ஒரே பாஸ்வேர்ட் இரண்டு இடத்தில் இருந்தால் மேற்படி சோதனை எதுவும் வேண்டாம், நேராக மாற்றிவிடுங்கள். நான் அப்படி வைத்து, ஒரு ஷாப்பிங் தளத்தில் கசிந்து, மெயிலைத் திரும்ப வாங்க நான்கு நாள் அலைந்தேன்.

சரி, புதிதாக எப்படிப் போடுவது? மனசை நம்பாதீர்கள், தாயக்கட்டையை நம்புங்கள். எங்கள் அப்பாயியின் பித்தளைக் கட்டை இரண்டும் கடையிலேயே இருக்கின்றன. பக்கங்கள் 0, 1, 2, 3. ஒரு கட்டையில் நெயில் பாலிஷ் வைத்திருக்கிறேன். அதன் எண்ணை நாலால் பெருக்கி, மற்றதைக் கூட்டினால் ஒரு வீச்சுக்கு 0 முதல் 15 வரை. முதல் வீச்சைப் பதினாறால் பெருக்கி, இரண்டாம் வீச்சைக் கூட்டி, ஒன்று சேர்த்தால் அகராதியில் பக்க எண். மூன்றாவது வீச்சோடு ஒன்று சேர்த்தால் அந்தப் பக்கத்தில் எத்தனையாவது சொல் என்பது. அகராதியில் 256 பக்கமாவது வேண்டும், பக்கத்துக்குப் பதினாறு சொல்லாவது வேண்டும்.

ஒரு சொல்லுக்கு 4,096 வாய்ப்பு. நொடிக்கு 10,000 கோடி வேகத்தில், நம் முறையும் அகராதியும் தெரிந்தவனுக்கே நான்கு சொல் முழுதும் தேட 47 நிமிடம். ஐந்து சொல், 133 நாள். ஆறு சொல், சுமார் 1,500 வருடம். அதனால் மெயிலுக்கு ஆறு. அதை இங்கிலீஷ் எழுத்தில் அடித்துக்கொள்ளலாம்.

அண்ணன் பதினெட்டு வீச்சு வீசினார். ஐந்தாவது சொல் 'பிண்ணாக்கு'. முகம் சுளித்தார்.

"இதுக்குப் பதிலா கொலுசுன்னு வச்சுக்கலாமாம்மா?"

"கூடவே கூடாதுங்கண்ணா. அது கட்டை சொன்னது இல்லை, நீங்க சொல்றது."

சிரித்துக்கொண்டே பிண்ணாக்கையும் சேர்த்துத் தாளில் எழுதி, நாலாக மடித்து, பட்டறையில் வெள்ளி வைக்கும் பெட்டிக்குக் கொண்டுபோனார்.