லட்டு பிடித்த கையும் ஸ்வீடன் சாக்லேட் உருண்டையும்

ஸ்வீடனில் பிள்ளைகள் முதன்முதலில் சொந்தமாகச் செய்து பார்க்கும் தின்பண்டம் பெரும்பாலும் ஷுக்லாட்பொல்தான். சாக்லேட் உருண்டை என்பதுதான் பெயரின் பொருள். வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ், கோகோ, வெனிலா, கொஞ்சம் காபி, அவ்வளவே. அடுப்பு வேண்டாம், முட்டை வேண்டாம், பாகுப் பதம் பார்க்கும் தொல்லையும் கிடையாது. மே 11-ஐ இதற்கென்றே ஒரு நாளாக வைத்துக் கொண்டாடுகிறார்கள். (சிரிக்காதீர்கள், பட்டை போட்ட பன்னுக்கும் அங்கே ஒரு நாள் உண்டு, அக்டோபர் 4.)

இதைப் போய் ஒரு சித்திரை மாதம் திருச்சியில் செய்து கெடுத்தேன். ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் இருந்தபோது பத்துத் தடவையாவது சரியாக வந்த அதே அளவு, அதே கை. உருட்ட எடுத்தால் விரலிடுக்கில் வழிந்தது. அம்மா எட்டிப் பார்த்து, "என்னடி இது, களி கிண்டி வெச்சிருக்கே?" என்றார்.

தவறு ஒரே ஒரு சொல்லில் இருந்தது. வெண்ணெய் 'அறை வெப்பத்தில்' இருக்க வேண்டும் என்று எல்லாக் குறிப்பிலும் எழுதியிருக்கும். அது ஸ்வீடன்காரர் வீட்டு அறை, 20 டிகிரி. நம் அறை மே மாதத்தில் 35-ஐத் தொடும். வெண்ணெய் 32 டிகிரிக்கு மேல் போனாலே உருகி எண்ணெயாகிவிடும். உருகிய வெண்ணெயைத் திரும்பக் குளிர வைத்தாலும் பழைய பதம் வராது. நீர் தனி, கொழுப்பு தனி என்று பிரிந்து பிசுக்கென்று நிற்கும். அதனால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, துண்டு போட்டு, ஐந்து பத்து நிமிஷம் மட்டும் வெளியே வையுங்கள். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் துண்டின் வடிவம் கலையக் கூடாது. அதுதான் பதம். 'சீக்கிரம் ஆகட்டுமே' என்று அடுப்பில் காட்டவே கூடாது.

நமக்கு இது கொஞ்சம் சிரமம்தான். லட்டைச் சூட்டோடு பிடித்துப் பழகிய கை. ஆறினால் உதிரும் என்று பயந்து பயந்து பிடிப்போம். இங்கே எல்லாம் தலைகீழ். கலவை குளிர்ந்திருந்தால்தான் உருளும்.

கலவை தளர்ந்துவிட்டால் உடனே நாம் செய்வது இன்னும் இரண்டு கை ஓட்ஸ் போடுவது. நானும் அதைத்தான் செய்தேன். அப்போதைக்குக் கெட்டிப்படும். ஆனால் ஓட்ஸ் காபியின் ஈரத்தையெல்லாம் மெதுவாகக் குடிக்கும் பண்டம். மறுநாள் எடுத்துக் கடித்தால் ஈரப்பசையே இல்லாத வறட்டு உருண்டை. சரி, என்னதான் செய்வது? ஒன்றும் சேர்க்காமல் பாத்திரத்தோடு அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். கலவை சரியாகவே வந்திருந்தாலும் இந்த அரை மணி நேரம் தேவை. ஓட்ஸ் ஊறுவது அப்போதுதான்.

அடுத்தது அளவு. ஸ்வீடன் குறிப்புகளில் 1 டெசிலிட்டர், 3 டெசிலிட்டர் என்று வரும். ஒரு டெசிலிட்டர் என்பது 100 மில்லி. அதைக் கப் என்று எடுத்துக்கொண்டால் ஓட்ஸ் இரண்டு மடங்குக்கும் மேலே போய்விடும், வெண்ணெய் மட்டும் கிராம் கணக்கில் அப்படியே நிற்கும். வழக்கமான கணக்கு இது: வெண்ணெய் 100 கிராம், சர்க்கரை 100 மில்லி, ஓட்ஸ் 300 மில்லி, கோகோ 3 மேசைக்கரண்டி, காபி 2 அல்லது 3 மேசைக்கரண்டி. வெனிலா 1 மேசைக்கரண்டி என்று போட்டிருப்பதைப் பார்த்து எசென்ஸை அந்த அளவுக்கு ஊற்றிவிடாதீர்கள். அவர்கள் சொல்வது வெனிலா கலந்த சர்க்கரைப் பொடி. எசென்ஸ் என்றால் அரைத் தேக்கரண்டியே தாராளம்.

ஓட்ஸ் எது என்பதில் பலர் கோட்டை விடுவார்கள். மசாலா ஓட்ஸ் வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. கெட்டியான பெரிய அவல் போன்ற ஓட்ஸ் என்றால் மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று விடுங்கள். மாவாக்கிவிட்டால் மெல்லுவதற்கு ஒன்றும் இருக்காது, அந்த மெல்லும் சுகம்தான் இதில் பாதி. பச்சையாகச் சாப்பிடலாமா என்று சிலர் தயங்குவார்கள். ஆவியில் காட்டித்தான் தட்டையாக்குகிறார்கள், பயமில்லை. அதற்காக வறுக்கப் போனீர்கள் என்றால் அந்தச் சூட்டோடு கொட்டி மறுபடி வெண்ணெயை உருக்குவீர்கள்.

கோகோ என்பது கசப்புக் கோகோ. பாலில் கலக்கும் சாக்லேட் பானப் பொடியில் பாதிக்கு மேல் சர்க்கரையாகவே இருக்கும், நிறமும் வராது. சர்க்கரை நம்மூரில் பருமன் அதிகம். லேசாக ஒரு சுற்று அரைத்து, முதலில் வெண்ணெயோடு குழைத்துக்கொள்ளுங்கள். முழுக்கப் பொடிக்க வேண்டாம், பல்லில் கொஞ்சம் நறநறக்க வேண்டும். மஞ்சள் வெண்ணெயில் ஏற்கெனவே உப்பு உண்டு, தனியாகப் போடாதீர்கள்.

காபி விஷயத்தில் நமக்குத்தான் வசதி. கெட்டியான ஃபில்டர் டிகாக்‌ஷன் இதற்கென்றே செய்தது போலப் பொருந்தும். பால் சேர்க்கக் கூடாது, நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூடாக ஊற்றினால் என்ன ஆகும் என்று இதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

உருண்டையைப் புரட்ட அங்கே முத்துச் சர்க்கரை (முத்து முத்தாக இருக்கும் வெள்ளைச் சர்க்கரை), இல்லாவிட்டால் தேங்காய்த் துருவல். இந்தத் துருவல் உலர்ந்தது, கடையில் பாக்கெட்டில் விற்பது. அப்போது துருவிய பச்சைத் தேங்காயில் புரட்டினால் மறுநாளே ஊசல் வாடை வரும். உள்ளங்கையைக் குளிர்ந்த நீரில் நனைத்துத் துடைத்துவிட்டு உருட்டுங்கள். நாலு உருண்டைக்கு ஒரு தடவை மறுபடி நனைக்க வேண்டும். மூடி போட்ட டப்பாவில் ஃபிரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும். தட்டில் அடுக்கி விருந்தினர் வரட்டும் என்று காத்திருந்தால் தட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

இதில் கை தேர்ந்ததும் அடுத்து ஈஸ்ஷுக்லாட் ஆசை வரும். கிறிஸ்துமஸ் சமயத்தில் அவர்கள் செய்வது: 200 கிராம் சாக்லேட், 100 கிராம் தேங்காய்க் கொழுப்பு, இரண்டையும் உருக்கிக் கட்டைவிரல் அகலச் சின்னக் கிண்ணங்களில் ஊற்றுவார்கள். வாயில் போட்டதும் ஐஸ் போலச் சில்லென்று கரையும். தேங்காய்க் கொழுப்பு என்று அவர்கள் கட்டியாக வாங்குவது நம் தேங்காய் எண்ணெயேதான், மணம் நீக்கியது. செக்கு எண்ணெயை ஊற்றினால் தலைக்குத் தேய்த்த ஞாபகம்தான் வரும். கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீரோ ஆவியோ விழுந்தாலும் சாக்லேட் திரிதிரியாகிவிடும், அதனால் மேல் பாத்திரம் கீழ்ப் பாத்திரத்தை முழுக்க மூடும்படி இருக்கட்டும். இந்த எண்ணெய் 24, 25 டிகிரியிலேயே இளகிவிடும் என்பதால் நம் வெயிலில் மேசைக்கு வந்த வேகத்தில் பாயசமாகும். மார்கழியில் எண்ணெய் பாட்டில் உறைந்து, தலைகீழாகக் கவிழ்த்தாலும் சொட்டாமல் நிற்குமே, அந்த வாரத்தில் செய்யுங்கள்.