நித்திரையும் சீனியும் ஒரே கொப்பியில்: பாரிசவாத அபாயத்தைக் கவனிக்கத் தொடங்குவோருக்கான செய்முறை

யாழ்ப்பாணத்தில் முதியவர்கள் இருக்கும் வீடுகளில் பெரும்பாலும் ஒரு கிளினிக் கொப்பி இருக்கும். அதில் சீனி அளவும் குருதி அமுக்கமும் மாதத்துக்கொரு முறை பதியப்பட்டிருக்கும். நித்திரையைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. நீண்ட வரிசையைப் பார்க்க வேண்டிய வைத்தியருக்கு அதைக் கேட்க நேரம் கிடைப்பதில்லை, நோயாளிக்கும் அது சொல்ல வேண்டிய விடயமாகத் தோன்றுவதில்லை. பாரிசவாதத்தைப் பொறுத்தவரை நித்திரையும் சீனியும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகின்றவை. ஆகவே இரண்டையும் ஒரே பக்கத்தில் இரண்டு வாரங்களுக்கு எழுதி, அதிலிருந்து என்ன தெரிகிறது என்று வாசிக்கும் முறையை இங்கே படிப்படியாக விளக்குகிறேன். இது மருந்தைத் தாமாகவே கூட்டவோ குறைக்கவோ உதவும் வழி அல்ல. வைத்தியரிடம் சரியான தகவலுடன் போவதற்கான ஆயத்தம் மட்டுமே.

தொடர்பை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள்

பாரிசவாதம் பெரும்பாலும் மூளைக்குச் செல்லும் குருதிக் குழாய் ஒன்று அடைபடுவதால் வருகிறது. குழாய் வெடித்துக் குருதி கசிவதால் வருவது அதைவிடக் குறைவு. குருதியில் சீனி ஆண்டுக்கணக்கில் கூடி நின்றால் குழாயின் உட்சுவர் பழுதடைந்து, கொழுப்புப் படிந்து, குழாய் ஒடுங்கிப் போகும். நீரிழிவு உள்ளவருக்கு அடைப்பினால் வரும் பாரிசவாதத்தின் அபாயம் ஏறத்தாழ இரு மடங்கு என்பது பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துக் கண்ட முடிவு.

நித்திரை இதற்குள் எப்படி நுழைகிறது? ஆழ்ந்து உறங்கும் ஒருவரின் குருதி அமுக்கம் இரவில் வழமையாக 10 முதல் 20 சதவீதம் வரை இறங்குகிறது. நித்திரை அடிக்கடி குழம்பும் ஒருவருக்கு அந்த இறக்கம் சரிவரக் கிடைப்பதில்லை, அத்துடன் கோர்ட்டிசோல், அட்ரினலின் போன்ற ஓமோன்கள் கூடுவதால் இன்சுலின் வேலை செய்யும் திறனும் குறைகிறது. 1999ஆம் ஆண்டு சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நோய் எதுவுமற்ற 11 இளைஞர்களைத் தொடர்ந்து 6 இரவுகள் 4 மணித்தியாலம் மாத்திரம் படுக்கையில் இருக்கவிட்டுப் பார்த்தபோது, சீனியைக் கையாளும் அவர்களுடைய உடலின் திறன் தெளிவாகக் குறைந்திருந்தது.

எதிர்த்திசையிலும் இதே கதைதான். குருதியில் சீனி ஒரு டெசிலீற்றருக்கு (100 மில்லிலீற்றருக்கு) 180 மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டினால் சிறுநீரகம் அதைச் சிறுநீரில் வெளியேற்றத் தொடங்கும். சீனி தன்னோடு நீரையும் இழுத்துச் செல்வதால் இரவில் மூன்று, நான்கு தடவை எழும்ப நேரிடும். நித்திரை குழம்பினால் மறுநாள் காலைச் சீனி ஏறும், சீனி ஏறினால் அன்றிரவும் நித்திரை குழம்பும். இதை "வயது போனால் அப்படித்தான்" என்று நம் வீடுகளில் தள்ளிவிடுகிறார்கள். வயதாகும்போது நித்திரை இலேசாவது உண்மைதான் என்றாலும், சிறுநீருக்காகத் திரும்பத் திரும்ப எழும்புவதை வயதின் கணக்கில் எழுதும் முன் சீனியைச் சோதிப்பதே முறை.

இன்னொரு செய்தியையும் கூறவேண்டும். பல நாடுகளில் நடத்தப்பட்ட இண்டர்ஸ்ட்ரோக் ஆய்வின் நித்திரை பற்றிய பகுதி 2023இல் வெளிவந்தது. 5 மணித்தியாலத்துக்கும் குறைவாக உறங்குவோரிடமும், 9 மணித்தியாலத்துக்கு மேல் உறங்குவோரிடமும், குறட்டை விடுவோரிடமும் பாரிசவாதம் கூடுதலாக இருந்ததை அது காட்டியது. இது சேர்ந்து காணப்படுவதைக் காட்டும் ஆய்வே தவிர, ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று நிறுவும் ஆய்வல்ல. நீண்ட நேரம் உறங்குவது ஏற்கெனவே உள்ள வேறொரு நோயின் அடையாளமாகவும் இருக்கலாம். அமெரிக்க இதயச் சங்கம் 2022இல் இதய நலத்துக்கான தனது பட்டியலில் நித்திரையையும் சேர்த்து, வளர்ந்தவர்களுக்கு 7 முதல் 9 மணித்தியாலம் என்று குறித்தது.

படி 1: கொப்பியை ஆயத்தம் செய்யுங்கள்

சாதாரண 80 பக்கக் கொப்பி ஒன்று போதும். ஒரு நாளுக்கு ஒரு வரி வருமாறு கோடிட்டு, படுத்த நேரம், எழும்பிய நேரம், இடையில் எழும்பிய தடவைகள், இரவுச் சாப்பாடு, காலைச் சீனி, காலைக் குருதி அமுக்கம் என்று பத்திகளைப் பிரியுங்கள். கடைசியில் அகலமான ஒரு பத்தியை வெறுமையாக விடுங்கள். கோயில் திருவிழா, செத்தவீடு, காய்ச்சல் போன்றவற்றை அதில் குறிக்கலாம்.

படி 2: காலைச் சீனியைச் சரியாக அளவுங்கள்

வெறும் வயிற்றில், குறைந்தது 8 மணித்தியாலம் எதுவும் உண்ணாமல், பால் தேநீருக்கும் முன்னதாக அளக்க வேண்டும். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்த பின்னரே விரலைக் குத்துங்கள். கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை வெட்டிய கையோடு அளந்தால், விரலில் ஒட்டியிருக்கும் பழச்சாற்றின் சீனியையும் கருவி சேர்த்துக் காட்டும். இல்லாத பயம் அதனால் வரும். விரலின் நடுவில் குத்துவதைவிடப் பக்கவாட்டில் குத்தினால் நோவு குறைவு. ஸ்ட்ரிப் இருக்கும் குப்பியை உடனே மூடுங்கள், ஈரக்காற்றுப் பட்டால் அவை பழுதாகும்.

வெறும் வயிற்றில் டெசிலீற்றருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழ் வருவது வழமையான அளவு. 100 முதல் 125 வரை என்றால் அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் கணக்கில் நீரிழிவுக்கு முந்திய நிலை. 126 அல்லது அதற்கு மேல் என்றால் ஆய்வுகூடத்தில் திரும்பவும் சோதித்து உறுதிசெய்ய வேண்டும். வீட்டுக் கருவியை வைத்து நோயைத் தீர்மானிக்கக் கூடாது. ஏற்கெனவே மருந்து எடுப்பவர்களில் பலருக்குக் காலை இலக்கு 80 முதல் 130 வரை இருக்கும், ஆயினும் முதியவர்களுக்கு வைத்தியர் வேறு இலக்கு வைத்திருக்கலாம். 70க்குக் கீழே இறங்கினால் எழுதுவதை விட்டுவிட்டு முதலில் குளுக்கோசு அல்லது சீனி கரைத்த தண்ணீர் குடியுங்கள். 15 நிமிடத்தின் பின் மறுபடி அளவுங்கள்.

படி 3: குறட்டையைப் பற்றி வீட்டாரிடம் கேளுங்கள்

இந்த ஒரு விடயத்தை உறங்குபவரால் எழுத முடியாது. பக்கத்தில் படுப்பவர்தான் சாட்சி. வெறும் சத்தம் முக்கியமல்ல. சத்தம் திடீரென நின்று, மூச்சே இல்லாததுபோல் சில கணங்கள் கழிந்து, பிறகு திணறலுடன் மறுபடி தொடங்குகிறதா என்பதையே கேட்க வேண்டும். அவ்வாறு நடந்தால் அது உறக்கத்தில் மூச்சு அடைபடும் நோயாக இருக்கலாம். ஒவ்வொரு அடைப்பின்போதும் குருதியில் ஒட்சிசன் குறைந்து, குருதி அமுக்கம் எகிறுகிறது. பாரிசவாதத்துக்கு வழிவிடும் ஒழுங்கற்ற இதயத் துடிப்பும் இந்நோயுள்ளவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. காலையில் தலையிடி, பகலில் பேருந்திலும் கதிரையிலும் தூங்கி விழுதல், 40 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட கழுத்துச் சுற்றளவு ஆகியவை இருந்தால் சந்தேகம் வலுக்கும். பெண்கள் குறட்டை விடுவதை வெட்கத்தால் மறைப்பதுண்டு, அதையும் மனத்தில் வைத்துக் கேளுங்கள்.

படி 4: பக்கத்தை வாசியுங்கள்

இரண்டு வாரங்கள் முடிந்ததும், சராசரியைக் கணக்கிடும் முன்னர், ஒவ்வொரு வரியையும் அதற்கு முந்திய வரியோடு சேர்த்துப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, ஒரு வரி இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: இரவு 10 மணிக்கு இடியப்பமும் சொதியும், படுத்தது 12.40, இடையில் எழும்பியது 3 தடவை, எழும்பியது 5.15, காலைச் சீனி 158. அதற்கு முந்திய நாள் 8 மணிக்கு அதே சாப்பாடு, 10.30க்குப் படுக்கை, ஒரு தடவை எழும்பியது, சீனி 131. ஒரே ஒரு சோடியை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. இதே போக்கு நான்கைந்து இடங்களில் திரும்ப வந்தால் மட்டும் கவனிக்க வேண்டிய விடயம் இருக்கிறது.

நன்றாக உறங்கிய நாளிலும் காலைச் சீனி ஏறியிருப்பதைக் கண்டு சிலர் குழம்புவார்கள். விடியும் நேரத்தில் உடலே சில ஓமோன்களைச் சுரந்து ஈரலிலிருந்து சீனியை வெளிவிடுவது இயல்பு. இன்சுலின் போதாதவர்களுக்கு அது காலையில் உயர்வாகத் தெரியும். பட்டினி கிடந்து இதைச் சரிசெய்ய முயலவேண்டாம்.

படி 5: ஒன்றை மாத்திரம் மாற்றிப் பாருங்கள்

எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்தினால் எது உதவியது என்று தெரியாது. என் கணிப்பில் நம்மவர்கள் முதலில் தொடவேண்டியது படுக்கும் நேரத்தையும் இரவுச் சாப்பாட்டு நேரத்தையும்தான். இலண்டனில் வேலை முடிந்து பிள்ளை மாலை 6.30க்கு அழைத்தால், கோடைகாலத்தில் இங்கே இரவு 11 மணி. ரொறன்ரோவின் மதிய இடைவேளையும் நமது படுக்கை நேரத்தில்தான் வருகிறது. பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று எவரும் சொல்லமாட்டார்கள், ஆனால் அந்த அழைப்பைச் சனி, ஞாயிறு மாலைக்கு மாற்றும்படி பிள்ளைகளிடம் தாராளமாகக் கேட்கலாம்.

சாப்பாட்டை 8 மணிக்குள் முடித்து, முற்றத்தில் 15 நிமிடம் நடவுங்கள். புட்டின் அளவைக் குறைத்து மரக்கறியைக் கூட்டுங்கள். பின்னேரம் 4 மணிக்குப் பின் தேநீரைத் தவிருங்கள். பனங்கட்டி சீனியை ஏற்றாது என்ற நம்பிக்கை இன்னும் பலரிடம் உண்டு. அது தவறு, பனங்கட்டியிலும் இருப்பது பெரும்பாலும் அதே சீனிதான்.

படி 6: கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்

கொப்பியின் முகப்பில் மூன்று வரிகளை மாத்திரம் எழுதுங்கள்: எத்தனை இரவுகள் 6 மணித்தியாலத்துக்குக் குறைவாக உறங்கினீர்கள், காலைச் சீனியின் ஆகக் கூடிய, குறைந்த அளவுகள், மூச்சு நிற்பதை வீட்டார் கண்டார்களா. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனை செய்திருந்தால் அதன் முடிவையும் கொண்டுசெல்லுங்கள். நித்திரைக் குளிசையை நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். மூச்சு அடைபடும் நோயுள்ளவருக்குச் சில குளிசைகள் தீங்கு செய்யும்.

படி 7: அவசர அடையாளங்களை வீட்டார் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்

முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தூக்க முடியாமல் விழுதல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றில் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசமானது. எண்ணெய் தேய்த்துப் பார்ப்பதிலும், விடியட்டும் என்று காத்திருப்பதிலும் நேரம் போகக் கூடாது. அடைப்பைக் கரைக்கும் ஊசி பொதுவாக அறிகுறி தொடங்கி 4.5 மணித்தியாலத்துக்குள் தகுதியானவர்களுக்கு மட்டுமே போடப்படுகிறது. அம்புலன்ஸ் வரும்வரை சீனியை அளந்து எழுதுங்கள், ஏனெனில் சீனி மிகவும் இறங்கினாலும் இதே அடையாளங்கள் தோன்றலாம். விழுங்க முடியாதவருக்கு வாயால் எதையும் கொடுக்காதீர்கள். நித்திரையால் எழும்பும்போதே கை விழுந்திருந்தால், எழும்பிய நேரத்தை அல்ல, அவர் கடைசியாக நன்றாக இருந்ததைக் கண்ட நேரத்தையே வைத்தியசாலையில் சொல்ல வேண்டும். இரவில் அவரைக் கடைசியாகக் கண்டவரும் கூடவே அம்புலன்ஸில் போவது நல்லது.