மைக்ரோமீட்டர் ‘சரி’ என்றது, கியர் கத்தியது: எந்தக் கியரை எதில் அளப்பது?

பினாங்கு மாநிலத்தின் பிறை ஊரில் ஒரு சின்னக் கியர் பட்டறையில் க்யூசி (தரச் சோதனை) வேலை. கியர் பல் வெட்டும் மூன்று ஹாப்பிங் மெஷின், இரண்டு லேத், ஏர்கான் போட்ட ஒரு பெட்டி அறை. அந்தப் பெட்டி அறைதான் என் ராஜ்ஜியம். பொலிடெக்னிக் முடித்து வரும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே கேட்பார்கள்: "அண்ணே, எந்தக் கியரை எதுல அளக்கணும்?" சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது, அதனால் எழுதி வைக்கிறேன். மோடியூல், பல் எண்ணிக்கை, பிரஷர் ஆங்கிள் எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: ட்ராயிங்கில் இருக்கும் எண் எந்த ஊர் எண்?

வெறும் "கிரேடு 7" என்று மட்டும் போட்டிருந்தால் வேலையைத் தொடாதீர்கள், வாடிக்கையாளருக்குப் போன் போடுங்கள். கியர் துல்லியத் தரநிலைகளான ஐஎஸ்ஓ 1328-இலும் ஜெர்மன்காரர்களின் டின் 3962-இலும் எண் குறையக் குறையத் துல்லியம் கூடும். அமெரிக்கர்களின் பழைய அக்மா 2000-இல் அப்படியே தலைகீழ், க்யூ எண் ஏற ஏறத்தான் நல்ல கியர். க்யூ 10 என்றால் ஏறத்தாழ ஐஎஸ்ஓ 7. இரண்டையும் கூட்டினால் 17 வரும் என்பது பட்டறைக் கணக்கு. குத்துமதிப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பான்காரர்களின் பழைய ட்ராயிங் கைக்கு வந்தால் இன்னும் கவனம் வேண்டும். அவர்களின் 1976 ஜேஐஎஸ் தரநிலையின் 4-ஆம் கிரேடுதான் 1998-இல் வந்த முறையில் 'N8'.

ஐஎஸ்ஓ-வில் துல்லியம் ஒரு கிரேடு இறங்கினால் (அதாவது எண் ஒன்று ஏறினால்) அனுமதிக்கும் பிழை 1.4 மடங்கு, இரண்டு கிரேடு இறங்கினால் இரட்டிப்பு. மோடியூல் 2, 30 பல் கியரை எடுத்துக்கொண்டால், கிரேடு 7-க்குப் பல்லுக்குப் பல் பிட்ச் (பல் இடைவெளி) பிழை 12 மைக்ரோன் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பக்கம், சுற்று முழுக்கச் சேரும் பிட்ச் பிழை 36 மைக்ரோன் பக்கம் வரும். கையில் இருக்கும் கருவியின் தடுமாற்றம் இதில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் நிம்மதி. நாலில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்தக் கருவியை மறந்துவிடுங்கள்.

படி 2: பருமனா, இடமா?

நான் வழுக்கி விழுந்த இடம் இது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பேக்கிங் மெஷின் ஒன்றுக்கு அதே மோடியூல் 2, 30 பல், 20 டிகிரி கியர் 60 போட்டோம். ஒவ்வொன்றையும் தட்டு முனை வைத்த டிஸ்க் மைக்ரோமீட்டரில் நான்கு பல்லைச் சேர்த்துப் பிடித்து அளந்தேன், இதைத்தான் ஸ்பான் அளவு என்போம். கணக்குப்படி 21.505 மிமீ. பேக்லாஷுக்காக (பற்களுக்கு நடுவே விடும் சிறு இடைவெளி) குறைத்து 21.43-இலிருந்து 21.46-க்குள் இருக்க வேண்டும். எல்லாம் 21.44, 21.45 என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒரே பதில். ஓகே சீல் குத்தி அனுப்பிவிட்டேன். பத்தாம் நாள் ஒரு பெட்டி திரும்பி வந்தது. சுற்றுக்கு ஒரு தடவை 'ம்ம்ம்-உங், ம்ம்ம்-உங்' என்று கத்துகிறதாம். மறுபடி அளந்தேன். மறுபடியும் 21.45. தவுக்கே (முதலாளி) என்னைப் பார்த்தார், நான் மைக்ரோமீட்டரைப் பார்த்தேன்.

மைக்ரோமீட்டர் பொய் சொல்லவில்லை. நான்தான் தப்பான கேள்வி கேட்டிருந்தேன். ஸ்பான் அளவு பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் நடக்கும் விஷயம். கியரின் நடுத்துளை எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியவே தெரியாது. ஹாப்பிங் முடிந்த பிறகு துளையைக் கொஞ்சம் பெரிதாக்க லேத்தில் போட்டிருக்கிறார்கள், கியரைப் பிடித்த மூன்று தாடைச் சக் தேய்ந்த சக். துளை 0.04 மிமீ தள்ளிப் போய்விட்டது. பல் எல்லாம் அருமை, சுற்றுகிற மையம்தான் வேறு.

இதைப் பிடிக்கத் தேவைப்பட்டதெல்லாம் ஒரு மேண்ட்ரல் (துளையில் மாட்டும் தண்டு), அந்தத் தண்டை இரு முனையிலும் தாங்கும் பெஞ்ச் சென்டர், ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜ், பேரிங் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் 3.5 மிமீ நீடில் ரோலர் ஒன்று. மோடியூலை 1.7 ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட அந்த அளவு வரும். டிரில் பிட் தண்டை வைக்காதீர்கள், அது உருண்டையாக இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. முதலில் வெறும் மேண்ட்ரலைச் சுற்றி டயல் ஆடுகிறதா பாருங்கள். இதைத் தாவாதீர்கள், மேண்ட்ரல் 10 மைக்ரோன் வளைந்திருந்தால் மாட்டும் எல்லாக் கியரும் உங்கள் கண்ணுக்குக் குற்றவாளிதான். பிறகு கியரை மாட்டி, பல் இடுக்கில் ரோலரை வைத்து, உச்சியில் டயல் காட்டுவதை எழுதி, அடுத்த இடுக்கு. முப்பது எண். கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்தால் ஒரே ஒரு அலை எழுந்து இறங்கும். என் கியரில் அலையின் உச்சிக்கும் அடிக்கும் 0.08 மிமீ, விலகலைப் போல இரண்டு மடங்கு. பத்து நிமிட வேலை. அன்றைக்கே செய்திருந்தால் அந்தப் பெட்டி பினாங்குப் பாலம் தாண்டிப் போயிருக்காது.

எதிரெதிர்ப் பல் இடுக்குகளில் 'பின்' (சிறு உருளை) வைத்து அளக்கும் முறையும் இந்த விஷயத்தில் ஏமாற்றும். ஒரு பக்கம் கூடுவது மறுபக்கம் குறைந்து கணக்கு நேராகிவிடும்.

படி 3: எத்தனை பீஸ்?

நூற்றுக்கணக்கில் ஒரே கியர் என்றால் டபுள் ஃபிளாங்க் (பல்லின் இரு பக்கமும்) ரோலிங் டெஸ்டர். மாஸ்டர் கியரோடு (ஒப்பிடுவதற்கான துல்லியமான கியர்) ஸ்பிரிங் அழுத்தத்தில் சேர்த்துச் சுற்றினால், மைய தூரம் எவ்வளவு ஆடுகிறது என்று காட்டும். துளை விலகல், பல்லில் அடிபட்ட தழும்பு இரண்டும் உடனே அகப்படும். என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் ஒவ்வொரு மோடியூலுக்கும் பிரஷர் ஆங்கிளுக்கும் தனி மாஸ்டர் வேண்டும், இருபது பீஸ் ஜாப்புக்கு அந்தச் செலவு கட்டாது. இன்னொன்று, பல்லின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் உரசுவதால் எந்தப் பக்கம் தப்பு என்று சொல்லாது. இண்டெக்ஸிங் டேபிள் மாதிரி நிலை துல்லியம் கேட்கும் வேலைக்கு இதை நம்பி உட்காராதீர்கள், ஒவ்வொரு பல்லின் பிட்சையும் அளந்துதான் ஆக வேண்டும். சத்தம்தான் பிரச்சினை என்றால் சிங்கிள் ஃபிளாங்க். மைய தூரத்தை மாற்றாமல் ஒரு பக்கப் பல் மட்டும் தொட்டுச் சுற்றும், ஓடும் மெஷினில் நடப்பதும் அதுதான். எங்களிடம் அது இல்லை.

படி 4: கியர் மெஷர்மெண்ட் சென்டருக்கு அனுப்புவது

கிரேடு 6, அதற்கு மேல் துல்லியம் என்றால் புரொஃபைலும் (பல்லின் வளைவு வடிவம்) ஹீலிக்ஸும் (பல்லின் அகலவாக்கில் ஓடும் கோடு) தனித்தனியாகத் தெரிய வேண்டும். கிளிங்கல்ன்பெர்க் மாதிரி மெஷின், அல்லது கியர் மென்பொருள் போட்ட சிஎம்எம் (முப்பரிமாண அளவீட்டு மெஷின்). அனுப்பும்போது நான்கு பல், இரண்டு பக்கமும் என்று எழுதிக் கொடுங்கள். காசு மிச்சம் என்று ஒரு பல் மட்டும் கேட்கக் கூடாது. நான்கு பல்லிலும் ஹீலிக்ஸ் கோடு ஒரே திசையில் சாய்ந்திருந்தால் மெஷின் செட்டிங் தப்பு. சாய்வு பல்லுக்குப் பல் மாறினால் பிளாங்க் (பல் வெட்டுவதற்கு முந்தைய வட்டு) கோணலாக மாட்டப்பட்டிருக்கிறது. ஒரு பல்லை வைத்துக்கொண்டு இதை எப்படிப் பிரிப்பீர்கள்? புரொஃபைல் நான்கிலும் ஒரே மாதிரி சாய்ந்தால் நான் முதலில் ஹாப் கட்டரைத் தீட்டிய ஆளைத் தேடுவேன்.

ஒரு தடவை இரண்டு கியரைக் காரின் பின் சீட்டில் வைத்து தீவில் உள்ள பாயான் லெப்பாஸ் லேப்புக்கு எடுத்துப் போனேன். பாலத்தில் ஒன்றரை மணி நேர ஜாம், ஜன்னல் வழியே உச்சி வெயில். லேப்பில் இருந்தவர் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். "ரொம்ப சூடா இருக்கு தம்பி. வச்சிட்டுப் போங்க, நாளைக்குக் காலையில 20 டிகிரிக்கு வந்த பிறகு அளக்கிறோம்." இப்போது ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துப் போகிறேன், ஐஸ் இல்லாமல்.

பிற்சேர்க்கை

படித்துவிட்டு இரண்டு பேர் கேட்ட கேள்விகள்.

முதல் கேள்வி, குறுகலான ஹீலிக்கல் கியரில் டிஸ்க் மைக்ரோமீட்டர் வழுக்கிக்கொண்டே இருக்கிறது. வழுக்கத்தான் செய்யும். பல் சாய்ந்திருப்பதால் ஒரு தட்டு உட்காரும் இடத்துக்கு எதிரே மற்றத் தட்டுக்குப் பல்லே இருக்காது, அகலம் தீர்ந்துபோயிருக்கும். பின்னையும் விட்டுவிடுங்கள், உருண்டைக் குண்டு வைத்து அளங்கள்.

இரண்டாவது, பிரிண்டருக்கான பிளாஸ்டிக் கியர். அசெட்டாலில் செய்த கியரை 32 டிகிரி பட்டறையில் அளக்கவே அளக்காதீர்கள். அதே 21.5 மிமீ ஸ்பான் இரும்பில் 12 டிகிரி வித்தியாசத்துக்கு 3 மைக்ரோன்தான் கூடும். மைக்ரோமீட்டரும் அதே சூட்டில் இருந்தால் அதுவும் கழிந்துபோகும். அசெட்டாலில் 25 மைக்ரோனைத் தாண்டும். அச்சிலிருந்து வந்த சூட்டோடும் அளக்காதீர்கள், நான் ஒரு நாள் முழுக்க அந்தப் பெட்டி அறையில் தட்டில் பரப்பி வைத்துவிடுவேன். மைக்ரோமீட்டரின் ராட்செட்டை மெதுவாகத் திருப்புங்கள், இல்லாவிட்டால் பல் அமுங்கி, நீங்கள் விரும்பும் எண்ணையே அது காட்டும்.