பழைய பாயிண்ட் கார்டையும் புதியவரையும் ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

3,667. 3,664. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் பாயிண்ட் கார்டுகளை, அதாவது பந்தைக் கொண்டுபோய் அணியின் ஆட்டத்தை நடத்துபவர்களை, பற்றிய சண்டைகள் பெரும்பாலும் இப்படி இரண்டு எண்களை அருகருகே வைப்பதில்தான் தொடங்கும். முதல் எண் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு ஆடிய பீட் மாரவிச் 1970இல் விட்டுச் சென்ற மொத்தப் புள்ளிகள். இரண்டாவது, டெட்ராய்ட் மெர்சி பல்கலைக்கழகத்தின் ஆன்டுவான் டேவிஸ் 2023 மார்ச்சில் வந்து நின்ற இடம். இன்னும் ஒரே ஒரு மூன்று புள்ளி ஷாட் விழுந்திருந்தால் இருவரும் சமம். இருவருக்குமே பயிற்சியாளர் சொந்த அப்பா என்பது கதைக்குக் கூடுதல் சுவை.

ஆனால் மாரவிச் ஆடியது 83 ஆட்டங்கள், டேவிஸ் ஆடியது 144. அந்தக் காலத்தில் முதலாண்டு மாணவர்கள் பல்கலைக்கழகத்தின் பிரதான அணியில் ஆடக் கூடாது. அந்தத் தடை நீங்கியது 1972-73இல்தான். அதனால் மாரவிச்சுக்குக் கிடைத்தவை மூன்றே சீசன்கள். டேவிஸுக்கோ, கோவிட் சமயத்து ஆண்டைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டதால் ஐந்து சீசன்கள். அப்புறம் மூன்று புள்ளிக் கோடு: அதற்கு வெளியே நின்று எறிந்து போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி. அது நாடு முழுவதற்கும் வந்தது 1986-87இல். டேவிஸ் போட்ட 588 மூன்று புள்ளி ஷாட்களிலிருந்து மட்டும் 1,764 புள்ளிகள், அதாவது அவர் மொத்தத்தில் ஏறக்குறைய பாதி. மாரவிச் எவ்வளவு தூரத்திலிருந்து எறிந்தாலும் இரண்டுதான்.

இந்த இடத்தில் பலர் பேனாவை மூடிவைத்து மாரவிச்தான் பெரியவர் என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அதுவும் அவசரம்தான். அவர் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 38 ஷாட்கள் எறிந்தார். இன்றைக்கு எந்தப் பயிற்சியாளர் ஒரு கார்டுக்கு அந்தச் சுதந்திரத்தைக் கொடுப்பார்? அந்த மூன்று ஆண்டுகளில் அவருடைய அணி ஒருமுறைகூட, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் தேசியப் போட்டிக்குள் நுழையவில்லை. மூன்று புள்ளிக் கோடு இருந்திருந்தால் அவருடைய சராசரி 44.2இலிருந்து 57க்குப் போயிருக்கும் என்ற கணக்கு ஒன்றையும் அடிக்கடி கேட்கலாம். கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் கோடு இருந்திருந்தால் அவரைத் தடுத்தவரும் கோட்டுக்கு வெளியே வந்து நின்றிருப்பாரே! ஒரு விதியை மட்டும் மாற்றிவிட்டு மற்றது எல்லாம் அப்படியே இருந்திருக்கும் என்று நினைப்பது, காலம் கடந்த ஒப்பீடுகளில் நான் பார்க்கும் மிகப் பரவலான தவறு.

நான் செய்த தவறு இதைவிட அசட்டுத்தனமானது. சில ஆண்டுகளுக்கு முன்பு, கல்லூரி பாயிண்ட் கார்டுகளைப் புள்ளி, அசிஸ்ட் (சக வீரர் கூடை போட உதவிய பாஸ்), ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது) மூன்றையும் வைத்து வரிசைப்படுத்தும் ஒரு அட்டவணை போட்டேன். 1960களிலும் 70களிலும் ஆடியவர்கள் எல்லாம் அடியில் போய் விழுந்தார்கள். அந்தக் காலத்தில் யாருக்கும் பாஸ் கொடுக்கவே தெரியாதோ என்று ஒரு மாலை முழுக்க யோசித்தேன். அப்புறம்தான் புரிந்தது: காலியாக இருந்த கட்டங்களை என் அட்டவணை பூஜ்யமாக எடுத்துக்கொண்டிருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் இரண்டே சீசன்கள் அசிஸ்ட்டை எண்ணிப் பார்த்துவிட்டு என்சிஏஏ நிறுத்திவிட்டது. மறுபடி அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியது 1983-84இல். ஸ்டீலுக்கு 1985-86 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவில் ஆடியவர்களுக்கு அந்தந்தப் பல்கலைக்கழகம் தானே எழுதிவைத்த கணக்கு இருந்தால் உண்டு.

அதனால்தான் ‘வரலாற்றிலேயே முதல்முறை’ என்ற தலைப்பைப் பார்த்தால் இப்போதெல்லாம் கொஞ்சம் நிதானிக்கிறேன். மர்ரே ஸ்டேட்டின் ஜா மொரான்ட் 2018-19இல் ஆட்டத்துக்கு 24.5 புள்ளி, 10 அசிஸ்ட் எடுத்தார். ஒரே சீசனில் 20 புள்ளி, 10 அசிஸ்ட் என்ற சராசரியைத் தொட்ட முதல் ஆள் அவர். சாதனையில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ‘முதல்’ 1983-84க்குப் பிந்தைய கணக்குக்குள் மட்டுமே செல்லும். அதற்கு முன்னால் யாராவது தொட்டிருந்தால் அது என்சிஏஏ ஏட்டில் ஏறியிருக்காது.

எண்ணியவர்களும் ஒரே மாதிரி எண்ணவில்லை. பாயிண்ட் கார்ட் ஓரத்தில் நிற்பவருக்குப் பந்தைக் கொடுக்கிறார். அவர் வாங்கி, எறிவதுபோல் ஒரு பாவனை காட்டி, ஒரு தட்டு தட்டிவிட்டுக் கூடைக்குள் போடுகிறார். இது அசிஸ்டா? மேசையருகே உட்கார்ந்து குறிப்பெடுப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். கை தாராளமான ஆள் உள்ளூர் அரங்கில் இருந்தால், சீசன் முடிவில் அது எண்ணில் தெரியும். அதோடு, அசிஸ்ட் என்பதே பாதி அடுத்தவர் கையில் இருக்கிறது. 1987இல் நெவாடா லாஸ் வேகஸ் அணியின் மார்க் வேட், இந்தியானாவுக்கு எதிரான அரையிறுதியில் 18 அசிஸ்ட் கொடுத்தார். அதே ஆட்டத்தில் அவருடைய சக வீரர் ஃப்ரெடி பேங்க்ஸ் பத்து மூன்று புள்ளி ஷாட்களைப் போட்டார். கோடு வந்த முதல் ஆண்டு வேறு. இவ்வளவும் நடந்து அணி 97-93 என்று தோற்றது, அது தனிக்கதை.

இனி ஆட்டத்தின் வேகம். இதை விளக்க ஃபில் ஃபோர்டைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1974 முதல் 78 வரை நார்த் கரோலினாவுக்கு ஆடியவர். அங்கே பயிற்சியாளர் டீன் ஸ்மித்தின் ஆயுதம் ‘நான்கு மூலை’ ஆட்டம். அணி முன்னிலை பெற்றதும் நால்வர் அரைக்களத்தின் நான்கு மூலைகளுக்குப் போய்விடுவார்கள். ஃபோர்டு நடுவில் பந்தைத் தட்டிக்கொண்டு இருப்பார். ஷாட் கிளாக், அதாவது இத்தனை விநாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்ற கெடு, கிடையாது, அவசரமும் கிடையாது. தடுப்பவர் நெருங்காவிட்டால் நேரத்தைக் கரைப்பார். நெருங்கினால் சட்டென்று அவரைத் தாண்டி உள்ளே பாய்வார். இன்னொருவர் உதவிக்கு ஓடிவந்தால், அவர் விட்டுவந்த மூலையிலிருந்து சக வீரர் கூடைக்கு அருகே ஓடுவார், பந்து அவர் கைக்குப் போய்விடும். பிடித்து நிறுத்தினால் ஃப்ரீ த்ரோ, அந்தத் தவறுக்குக் கிடைக்கும் இலவச ஷாட். பார்வையாளர்களுக்குக் கொட்டாவி, எதிரணிக்கு நரகம். ஃபோர்டு அப்படித் தின்று தீர்த்த நிமிடங்களுக்குப் புள்ளிவிவரத்தில் கட்டமே இல்லை. ஆனால் ஆட்டத்தை வென்று கொடுத்தது அதுதான்.

அந்தக் காலத்தில் ஆட்டம் எவ்வளவு மெதுவாகப் போக முடியும் என்றால், 1979 பிப்ரவரியில் நார்த் கரோலினாவுக்கு எதிராக டியூக் அணி முதல் பாதியை 7-0 என்று முடித்தது. எழுத்துப்பிழை அல்ல, ஏழு பூஜ்யம்தான். 1982இல் அட்லாண்டிக் கோஸ்ட் மாநாட்டின் (மாநாடு என்றால் இங்கே கல்லூரி அணிகள் சேர்ந்த ஒரு லீக்) இறுதி ஆட்டம் 47-45. களத்தில் மைக்கேல் ஜோர்டானும் ரால்ஃப் சாம்ப்சனும் இருந்தும் அவ்வளவுதான். அந்தச் சலிப்பு ஷாட் கிளாக்கைக் கொண்டுவந்தது: 1985-86இல் 45 விநாடி, 1993-94இல் 35, 2015-16இல் 30. சரி, அப்படியானால் பழைய காலம் மெதுவானது, புதிய காலம் வேகமானது என்று வைத்துக்கொள்ளலாமா? அதுவும் கூடாது. 1989-90இல், 45 விநாடி அவகாசம் இருந்தபோதே, லயோலா மேரிமவுண்ட் அணி ஆட்டத்துக்கு 122.4 புள்ளிகள் எடுத்தது. பத்தாண்டை வைத்து வேகத்தைச் சொல்ல முடியாது, அணியைப் பார்க்க வேண்டும்.

கோடும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. 1986-87இல் 19 அடி 9 அங்குலம், 2008-09இல் 20 அடி 9 அங்குலம், 2019-20இல் சர்வதேசத் தூரமான 22 அடி 1¾ அங்குலம். மூன்று புள்ளி ஷாட்களில் 1990இன் 40 சதவீதமும் 2022இன் 40 சதவீதமும் ஒன்றல்ல. நாடு முழுவதற்குமான கோடு வருவதற்கு முன்பே சில மாநாடுகள் ஆளுக்கொரு தூரத்தில் கோடு போட்டுச் சோதித்ததால், 1980களின் முற்பகுதி எண்களை இன்னும் கவனமாகத் தொட வேண்டும்.

மொத்த எண்ணிக்கைக்கு மயங்குவதும் உண்டு. டியூக்கின் பாபி ஹர்லி 1993இல் விட்டுச் சென்ற 1,076 அசிஸ்ட் என்ற சாதனை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றது. ஆனால் அது 140 ஆட்டங்களில். அவருக்குச் சற்று முன்பு நார்த் கரோலினா ஸ்டேட்டில் இருந்த கிறிஸ் கார்கியானி 124 ஆட்டங்களில் 1,038 கொடுத்தார். சராசரியில் கார்கியானி 8.4, ஹர்லி 7.7. ஹர்லிக்கு அந்தக் கூடுதல் ஆட்டங்கள் சும்மா வரவில்லை, அவர் இருந்த நான்கு ஆண்டுகளில் டியூக் மூன்று முறை இறுதி ஆட்டம் வரை போனது, இரண்டில் வென்றது. அது அவருக்குச் சாதகமாக எண்ணப்பட வேண்டியதா, பாதகமாகவா? என் ஓட்டு ஹர்லிக்கு. ஆனால் அசிஸ்ட் எண்ணை மட்டும் காட்டி அவரை மேலே தூக்குபவர்களோடு நான் சேரமாட்டேன்.

சராசரியும் ஏமாற்றும். ஒக்லஹோமாவின் டிரே யங் 2017-18இல் 27.4 புள்ளி, 8.7 அசிஸ்ட் எடுத்து நாட்டிலேயே இரண்டிலும் முதலிடம். பந்தைப் பறிகொடுத்ததும் ஆட்டத்துக்கு ஐந்துக்கு மேல். அணி 18 வெற்றி, 14 தோல்வி என்று முடித்து, தேசியப் போட்டியின் முதல் சுற்றில் வெளியேறியது. எல்லாமே ஒருவர் கை வழியாகப் போனால் நல்லதும் கெட்டதும் சேர்ந்தே வீங்கும்.

இன்னொரு பொறி, தொழில்முறை லீக்கான என்பிஏவில் பின்னால் நடந்ததைக் கல்லூரி நாட்களின் மேல் பூசுவது. ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்கின் பெயரைக் கேட்டதும் அவர் யுசிஎல்ஏவை ஆண்டிருப்பார் என்று தோன்றும். அங்கே பாயிண்ட் கார்ட் டாரன் காலிசன், வெஸ்ட்புரூக் முதலாண்டில் பெஞ்சில் இருந்து வந்தவர். மறுபக்கம், மிச்சிகன் ஸ்டேட்டுக்கு 2000இல் தேசியப் பட்டம் வாங்கித் தந்த மட்டீன் கிளீவ்ஸ். இறுதி ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் கணுக்கால் மடங்கி வெளியே போய், திரும்ப வந்து நொண்டிக்கொண்டே அணியை நடத்தினார். என்பிஏவில் பெரிதாகச் சோபிக்காததால் இன்று பட்டியல்களில் நழுவிவிடுகிறார். ஹர்லிக்கோ 1993 டிசம்பரில், என்பிஏவில் நுழைந்த சில வாரங்களில், உயிருக்கே ஆபத்தான கார் விபத்து. அதை அவருடைய டியூக் கணக்கில் கழிப்பது என்ன நியாயம்?

பெண்கள் ஆட்டத்தில் ஏட்டுக் குழப்பம் இன்னும் பெரிது. என்சிஏஏ பெண்களுக்குத் தேசியப் போட்டி நடத்தத் தொடங்கியதே 1981-82இல்தான். அதற்கு முன்பு கான்சாஸுக்காக லினெட் உட்டார்ட் குவித்த 3,649 புள்ளிகள் வேறொரு அமைப்பின் கீழ் வந்தவை என்பதால் என்சிஏஏ சாதனைப் பட்டியலில் இடமே இல்லாமல் இருந்தது. பிறகு அயோவாவின் பாயிண்ட் கார்ட் கெய்ட்லின் கிளார்க் 2024இல் அவரையும் தாண்டி, மார்ச் 3 அன்று மாரவிச்சின் 3,667ஐயும் தாண்டினார். ஆண்களையும் பெண்களையும் ஒரே பட்டியலில் போடலாமா, 130 ஆட்டங்களா 83 ஆட்டங்களா என்று அன்றைக்கே சண்டை தொடங்கிவிட்டது. அத்தனை சண்டைக்கும் நடுவில் எனக்குப் பிடித்த விஷயம், கிளார்க் மாரவிச்சைத் தாண்டிய அந்தப் புள்ளி வந்த விதம். ஃப்ரீ த்ரோ. தடுக்க ஆள் இல்லை, ஷாட் கிளாக் ஓடவில்லை, மாரவிச் நின்று எறிந்த அதே 15 அடி தூரம். பந்து மட்டும் ஒரு அங்குலம் சுற்றளவு குறைவு.